கூலியைத் தனியாகவும் தேய்மானத்தைத் தனியாகவும் பார்க்காதீர்கள்: ஜாப் வொர்க் பட்டறைச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

உங்கள் உறுப்பினர்கள் பிறர் தரும் ஆர்டருக்கு லேத், மில்லிங், கிரைண்டிங், பிரஸ் என்று மெஷினை நம்பித் தொழில் நடத்துகிறவர்கள். அவர்களில் பலர் கொட்டேஷன் போடும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆள் கூலியை மணிக்கு இவ்வளவு என்று எடுப்பார்கள், மின்சாரத்தைச் சேர்ப்பார்கள், மேலே ஒரு சதவீதத்தை ஓவர்ஹெட் (பொதுச் செலவு) என்று ஏற்றி முடித்துவிடுவார்கள். தேய்மானம் என்பது ஆண்டு முடிவில் ஆடிட்டர் வருமான வரிக்காகப் போடும் ஒரு பதிவு, அதற்கும் கொட்டேஷனுக்கும் உறவில்லை என்பது பரவலான எண்ணம். செலவுக் கணக்கிலும் மெஷின் பராமரிப்பிலும் வேலை செய்கிற நாங்கள் இந்த எண்ணத்தை மாற்றும்படி கேட்கிறோம். எந்த ஆளை எந்த மெஷினில் எத்தனை மணி நேரம், எந்தக் கூலி முறையில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த மெஷின் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதும், ஒரு மணிக்கு எவ்வளவு தேய்மானம் விழுகிறது என்பதும் அமைகின்றன.

விலையைச் சங்கம் கூடி நிர்ணயிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பல நாடுகளில் அது போட்டிச் சட்டத்தில் சிக்கவைக்கும். உறுப்பினர்களுக்கு நீங்கள் கொடுக்கும் விலைக் கணக்குப் படிவத்தை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறோம். காரணங்களை எண்களோடு சொல்கிறோம். எண்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்கானவை. நாணயப் பெயர் போடவில்லை, அவரவர் பணத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

ஒரு மெஷினின் விலை 10,00,000. கொண்டுவந்து இறக்கி, அடித்தளம் போட்டு, வயரிங் செய்து, ஓட்டிப் பார்த்து முடிக்க 1,20,000. ஆக அடக்கம் 11,20,000. பத்தாண்டு கழித்து விற்றால் 1,20,000 வரும் என்று வைப்போம். மீதி 10,00,000 பத்தாண்டில் கரைய வேண்டும், ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழிக்கும் நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 1,00,000. முடங்கிய முதலுக்கு வட்டி உண்டு. தொடக்க 11,20,000-க்கும் கடைசி 1,20,000-க்கும் நடுவான சராசரி முதல் 6,20,000, அதற்குப் பத்து சதவீதம் 62,000. பராமரிப்பு 40,000, இடமும் காப்பீடும் 18,000. மொத்தம் ஆண்டுக்கு 2,20,000. மின்சாரமும் டூலும் வேலைக்கு வேலை மாறும் என்பதால் அவற்றைத் தனியே வைக்கலாம்.

இந்த 2,20,000-ஐ எதால் வகுப்பது என்பதில்தான் முதல் சறுக்கல். 300 நாள், எட்டு மணி, ஆக 2,400 மணி என்று வகுத்தால் மணிக்கு 92 வரும். ஆனால் செட்டிங் (வேலைக்கு ஏற்ப மெஷினை அமைப்பது), டூல் மாற்றம், துடைப்பு, மெட்டீரியலுக்குக் காத்திருத்தல், பழுது எல்லாம் போக மெஷின் உண்மையில் பீஸ் வெட்டுவது எழுபது சதவீத நேரம் என்றால் கையில் இருப்பது 1,680 மணிதான். அப்போது மணிக்கு 131. கொட்டேஷனில் 92 போட்டு, வெட்டும் நேரத்துக்கு மட்டும் பில் போட்டால் ஆண்டுக்கு 66,000 திரும்பி வராது. தேய்மானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அது. இந்த ஓட்டை மாதச் செலவில் தெரியாது, ஏனென்றால் தேய்மானத்துக்கு யாரும் மாதாமாதம் ரொக்கம் கொடுப்பதில்லை. பத்தாம் ஆண்டில் புது மெஷினுக்குக் கடன் கேட்கப் போகும்போதுதான் தெரியவரும்.

கூலிக்கும் இதே வகுத்தல் பொருந்தும். சம்பளம், விடுப்புச் சம்பளம், சேமநிதிப் பங்கு, போனஸ் எல்லாம் சேர்த்து வருகை மணிக்கு (பட்டறையில் இருக்கும் ஒவ்வொரு மணிக்கும்) 105 ஆகும் ஆள், வெட்டும் மணிக்கு 150 ஆகிறார். வருகை மணிக்கு 70 வாங்கும் பழகுநர் வெட்டும் மணிக்கு 100. மெஷினை 1,680-ஆலும் ஆளை 2,400-ஆலும் வகுத்துக் கூட்டுகிற கொட்டேஷன்கள் உண்டு. அப்படிக் கூட்டினால் வருகிற எண் எதையும் குறிக்காது.

இனி ஆள் தேர்வுக்கு வருவோம். 50 பீஸ் கொண்ட ஒரு பேட்ச். அனுபவமுள்ள ஆபரேட்டர் 40 நிமிடத்தில் செட்டிங் முடிப்பார், பீஸுக்கு 12 நிமிடம், ரிஜெக்‌ஷன் ஒன்று. பழகுநருக்குச் செட்டிங் 70 நிமிடம், பீஸுக்கு 13 நிமிடம், ரிஜெக்‌ஷன் மூன்று. மெஷின் மணிக்கு 131.

அனுபவசாலிக்கு 640 நிமிடம், மணிக்கு 281 வீதம் 2,997. பழகுநருக்கு 12 மணி நேரம், மணிக்கு 231 வீதம் 2,772. நல்ல பீஸ் 49-க்கும் 47-க்கும் வகுத்தால் 61.2, 59.0. பழகுநர்தான் மலிவு, இதோடு கணக்கை மூடுகிறவர்களே அதிகம். பீஸுக்கு 80 பெறுமான மெட்டீரியலையும் சேர்த்துப் பாருங்கள். 50 பீஸுக்கு 4,000 இரண்டு பக்கமும் போகிறது. நல்ல பீஸ் ஒன்றுக்கு 142.8, 144.1. மலிவு கைமாறிவிட்டது, ஆனால் வித்தியாசம் சொற்பம். பழகுநரை வளர்க்க வேண்டும் என்பதற்காக அந்த 1.3-ஐ ஏற்பது நியாயம்தான்.

இதே இருவரை மணிக்கு 400 ஆகும் மெஷினுக்கு மாற்றுங்கள். மெட்டீரியலோடு சேர்த்து அனுபவசாலியின் பீஸ் 201.4, பழகுநரின் பீஸ் 212.8. ஆளும் வேலையும் மாறவில்லை. மெஷினின் விலை மட்டும் ஏறியிருக்கிறது, பழகுநர் பீஸுக்கு 11-க்கு மேல் நஷ்டம் தருகிறார். மெஷின் எவ்வளவு விலை கூடியதோ அவ்வளவுக்கு அதன்முன் நிற்கிற ஆளின் கூலியில் சிக்கனம் பார்ப்பது பொருளற்றதாகிறது. கடன் வாங்கி விலையுயர்ந்த மெஷினை இறக்கிவிட்டு, தவணை கட்ட வேண்டுமே என்று பழைய ஆளை அனுப்பிக் குறைந்த கூலிக்கு ஆள் போடுவது நாம் பார்க்கிற தவறுகளிலேயே விலை கூடியது. பழகுநரைப் பழைய மெஷினில் பழக்குங்கள்.

ஒரே ஆள் இரண்டு மெஷின் பார்ப்பதும் இதே கணக்குத்தான். கூலி பாதியாகி மணிக்கு 75 மிச்சம். ஒன்றில் பீஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மற்றது முடிந்து சும்மா நிற்கும். அந்தக் காத்திருப்பு பத்து சதவீதம் என்றால், மணிக்கு 131 ஆகும் மெஷினில் இழப்பு 13, தாராளமாகச் செய்யலாம். மணிக்கு 800 ஆகும் மெஷினில் இழப்பு 80, அதற்குத் தனி ஆளே லாபம்.

பீஸ் ரேட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பீஸுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் செலவு கட்டுக்குள் வந்துவிட்டது என்ற நிம்மதி வருகிறது. அது கூலிக்கு மட்டும்தான் உண்மை. ஆள் மணிக்கு ஐந்து எடுத்தாலும் நான்கு எடுத்தாலும் பீஸுக்குக் கூலி ஒன்றே. மெஷின் செலவோ 26.2-லிருந்து 32.8-க்கு ஏறுகிறது, மெதுவான ஆளின் மெதுவுக்கு மெஷின் பணம் கட்டுகிறது. வேகமான ஆளிடம் வேறு சிக்கல். எஃப். டபிள்யூ. டெய்லர் 1907-இல் வெளியிட்ட டூல் ஆயுள் சமன்பாடு இன்றும் பொருந்துகிறது: வெட்டும் வேகம் கொஞ்சம் ஏறினால் டூல் ஆயுள் பல மடங்கு விழும். அந்தச் சமன்பாட்டில் கார்பைடு டூலுக்குப் பொதுவாக எடுக்கும் அடுக்கு (exponent) 0.25. அதன்படி வேகத்தை 20 சதவீதம் ஏற்றினால் இன்சர்ட்டின் (டூலில் மாட்டும் மாற்றத்தக்க வெட்டுத் துண்டு) ஆயுள் 48 சதவீதமாகச் சுருங்கும். ஹைஸ்பீடு ஸ்டீலுக்கு 0.125 என்று எடுத்தால் பத்து சதவீத ஏற்றமே ஆயுளைப் பாதியளவுக்கும் கீழே கொண்டுபோய்விடும். பீஸ் ரேட் ஆபரேட்டர் வேகத்தை ஏற்றுவது அவருக்கு நியாயம்தான், இன்சர்ட் வாங்குகிறவர் அவர் இல்லையே. ஆகவே பீஸ் ரேட் பேசும்போதே ஸ்பிண்டில் (மெஷினின் சுழலும் தண்டு) வேகம், ஃபீட் (டூல் முன்னேறும் அளவு), இன்சர்ட்டின் ஓர் எட்ஜில் (வெட்டுமுனை) குறைந்தது எத்தனை பீஸ் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

டூல் போனால் மாற்றலாம். மெஷினின் உள்ளே நடப்பது அவ்வளவு சீக்கிரம் தெரியாது. பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் நிற்கிறது. சுமை 25 சதவீதம் கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதி. மோட்டார் சுருளின் காப்பு, அனுமதித்த வெப்பத்துக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி செல்சியஸுக்கும் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது பராமரிப்பில் கைக்கொள்ளும் தோராய விதி. மோட்டாரின் குளிர்விப்பு விசிறி மூடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் விடுவதும் அந்தப் பத்து டிகிரியில் சேரும். ஸ்லைடிலுள்ள சில்லைக் கம்ப்ரெஸ்டு ஏர் அடித்துத் தள்ளினால் அது வைப்பரை (ஸ்லைடைத் துடைக்கும் ரப்பர் பட்டை) தாண்டி உள்ளே போய் ஸ்லைடைக் கீறும். கூலன்ட் குறைந்ததென்று வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் செறிவு நீர்த்துத் துரு பிடிக்கும். இவற்றுக்கெல்லாம் ஆள் தனியாக வேண்டாம், ஷிப்ட் முடிவில் 20 நிமிடம் போதும்.

பீஸ் ரேட்டுக்கும் கான்ட்ராக்ட்டுக்கும் வரும் ஆளுக்கு அந்த 20 நிமிடத்துக்குக் காசு கிடையாது, அதனால் அவர் செய்யமாட்டார். காசு கொடுத்துச் செய்யவையுங்கள். ஆண்டுக்கு 100 மணி நேரம், 150 வீதம் 15,000. எட்டாண்டில் ஓய்ந்துபோகக்கூடிய மெஷின் பத்தாண்டு ஓடினால் ஆண்டுத் தேய்மானம் 1,25,000-லிருந்து 1,00,000-ஆக இறங்குகிறது. பழுதில் நிற்காத நாட்களை இதில் சேர்க்கவே இல்லை.

இரண்டாவது ஷிப்ட் பற்றிய பேச்சில் சங்கக் கூட்டங்களில் இரு தரப்பும் அரைகுறையாகவே பேசுகின்றன. மெஷின் சும்மா கிடப்பதைவிட ஓடினால் தேய்மானம் பாதியாகும் என்று ஒரு தரப்பு. இரட்டை ஓட்டம் மெஷினைக் கொன்றுவிடும் என்று மற்றொரு தரப்பு. மெஷினை ஓய்வுபெறச் செய்வது ஓடிய மணிகளா, காலண்டரா என்று முதலில் கேளுங்கள். பிரஸ், டை, பழைய பாணி லேத் போன்றவை மணிக்கணக்கில் தேய்கின்றன. கன்ட்ரோலர் பழசாகி உதிரிபாகம் கிடைக்காமல் போகிற மெஷின்கள் ஆண்டுக்கணக்கில் மதிப்பிழக்கின்றன. பெரும்பாலானவை இரண்டும் கலந்தவை.

மேலே சொன்ன மெஷினை இரண்டு ஷிப்ட், 3,360 மணி ஓட்டுவதாக வைப்போம். வட்டியும் இடமும் ஆண்டுக்கு மாறாது, மணிக்குப் பாதியாகிவிடும். பராமரிப்பு ஓட்டத்தோடு ஏறும், மணிக்கு அதே 24. ஆயுள் பத்தாண்டிலிருந்து ஏழாண்டாகக் குறைந்தால் மெஷின் மணிக்கு 90. முழுக்க மணியால் தேய்ந்து ஐந்தாண்டில் முடிந்தால் 107. இரவு ஷிப்டுக்கு 25 சதவீதம் கூடுதல் கூலி என்றால் இரண்டு ஷிப்டின் சராசரிக் கூலி 150-லிருந்து 169 ஆகும். ஒற்றை ஷிப்டில் ஆளும் மெஷினும் சேர்ந்து 281. இரண்டு ஷிப்டில் ஏழாண்டு ஆயுளுக்கு 259, தெளிவான லாபம். ஐந்தாண்டு ஆயுளுக்கு 276, வெறும் 5 மிச்சம். இரவில் ரிஜெக்‌ஷன் ஒன்றிரண்டு பீஸ் கூடினாலே அது காணாமல் போகும். இரவு ஷிப்டின் ரிஜெக்‌ஷனைப் பகலோடு கலக்காமல் தனியாகப் பதியச் சொல்வது இதற்காகத்தான்.

அந்த இரண்டாவது ஷிப்டைப் புது ஆள் எடுக்காமல் பகல் ஆட்களுக்கே இரட்டைச் சம்பள ஓவர்டைமாகக் கொடுத்தால் சராசரிக் கூலி 225, ஏழாண்டுக் கணக்கில்கூட மொத்தம் 315. அவசர ஆர்டர் ஒன்றைக் காப்பாற்ற ஓவர்டைம் சரியான ஆயுதம். மூன்று மாதமாகத் தொடர்ந்து ஓவர்டைம் ஓடுகிறதென்றால் இன்னோர் ஆளை எடுக்க வேண்டும் என்று பொருள். களைத்த கை மெஷினை மோதவிடும் அபாயம் வேறு, ஒரு ஸ்பிண்டில் மோதல் பல மாத ஓவர்டைம் லாபத்தை விழுங்கிவிடும்.

வரிக்கணக்குத் தேய்மானத்தைக் கொட்டேஷனில் அப்படியே எடுக்கக் கூடாது என்பதற்கும் எண்ணே சாட்சி. 11,20,000-ஐ ஆண்டுக்கு 20 சதவீதக் குறையும் இருப்பு முறையில் (ஒவ்வோர் ஆண்டும் மீதி மதிப்பில் அதே சதவீதத்தைக் கழிப்பது) எழுதினால் பத்தாண்டில் ஏறத்தாழ 1,20,000-இல் வந்து நிற்கும். முதலாண்டுத் தேய்மானம் 2,24,000, அதாவது மணிக்கு 133. பத்தாம் ஆண்டில் 30,000 சொச்சம், மணிக்கு 18. ஒரே மெஷினில் ஒரே பீஸுக்கு முதலாண்டில் ஆர்டர் கிடைக்காது, பத்தாம் ஆண்டில் ஆர்டர் குவியும், காசு நிற்காது. பழைய மெஷினில் பழுதுச் செலவு ஏறுவதால் இந்த முறையில் இரண்டும் சேர்ந்து சமமாகும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் பழுதையும் அந்தந்த மெஷின் பேரில் எழுதி வைத்திருப்பவருக்குத்தான் அது உதவும். மற்றவர்கள் விலைக்கணக்கில் நேர்கோட்டு முறையையோ ஓட்ட மணி முறையையோ வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வரிக்கு ஆடிட்டர் போடுவது போடட்டும்.

புத்தகத்தில் மதிப்பு பூஜ்யமாகிவிட்ட மெஷின் இலவசம் அல்ல. மெஷின் விலை ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏறினால் இன்று 11,20,000-க்கு நிறுவுவது பத்தாண்டில் 18,24,000-க்கு வந்து நிற்கும். அடக்க விலையில் கணக்கிட்ட தேய்மானமும் பழைய மெஷினை விற்ற பணமும் சேர்ந்து 11,20,000 தான். மீதி 7 லட்சத்துக்குச் சற்று மேல் எங்கிருந்தாவது வர வேண்டும். மெஷின் மணி விலையை இன்றைய மாற்று விலையில் (அதே மெஷினை இன்று புதிதாக நிறுவ ஆகும் விலை) ஆண்டுக்கு ஒருமுறை திருத்துங்கள் என்பது இதற்காக. ஐஏஎஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கியல் தரமும் (International Accounting Standard) ஆயுளையும் எஞ்சிய மதிப்பையும் ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலாவது மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. வாங்கிய நாளில் எழுதிய பத்தாண்டைக் கடைசிவரை தொடாமல் வைத்திருப்பது வழக்கமாகிவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. மெஷினை மாற்றலாமா என்று யோசிக்கும்போது பழைய மெஷினின் புத்தக மதிப்பைப் பார்க்கவே வேண்டாம். புத்தகத்தில் 3,00,000, சந்தையில் 1,00,000 என்றால் அந்த 2,00,000 எப்போதோ போய்விட்டது. அதற்காகப் பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பது அதே இழப்பை ஒவ்வொரு பீஸிலும் மறுபடி கட்டுவதாகும். இன்றைய விற்பனை விலை, புதியதன் செலவு, புதியதற்குப் பழக ஆகும் காலம் ஆகிய மூன்றை மட்டும் பாருங்கள். மூன்றாவது எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்த செலவைச் சொத்தின் அடக்கத்தில் சேர்க்கக் கணக்கியல் தரங்கள் அனுமதிப்பதில்லை, அது அந்த ஆண்டுச் செலவாகவே போகும். புத்தகத்தில் சேர்க்கக் கூடாது என்பதற்காக முடிவெடுக்கும் தாளிலும் விட்டுவிடாதீர்கள். பழக்கிய ஆள் ஓராண்டில் போய்விட்டால் அந்தப் பயிற்சிச் செலவு முழுவதும் ஓராண்டில் தேய்ந்துபோன சொத்துதான்.

ஆர்டர் குறைந்த காலத்துக்கு ஓர் எச்சரிக்கை. ஓட்டம் 1,680-லிருந்து 1,260 மணியாக இறங்கினால் 2,20,000-ஐ அதால் வகுத்து மணிக்கு 175 என்று விலையை ஏற்றுகிறார்கள். இருக்கும் ஆர்டரும் போகும், வகுக்கும் எண் இன்னும் சுருங்கும், விலை இன்னும் ஏறும். ஐஏஎஸ் 2 தரம் நிலையான உற்பத்திச் செலவை இயல்பான உற்பத்தித் திறனில் பங்கிடச் சொல்கிறது. உற்பத்தி குறைந்ததற்காகப் பீஸ் மீது அதை ஏற்றக் கூடாது. விலைக் கணக்குக்கும் அதுவே சரி. 131-லேயே கொட்டேஷன் போட்டு, நின்ற 420 மணிக்கான 55,000-ஐ ஓட்டமில்லா நஷ்டம் என்று தனியாக எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் நஷ்டம் ஆர்டர் இல்லாமலா, ஆள் இல்லாமலா, மெட்டீரியல் வராமலா என்று கேட்க முடியும். ஆள் வராததால் 200 மணி நின்றிருந்தால், 131 வீதம் 26,200 கரைந்திருக்கிறது. வருகைக்கு ஓர் ஊக்கத்தொகை கொடுக்கலாமா என்ற கேள்விக்கு விடை அந்த எண்ணிலேயே இருக்கிறது.

ஆளைக் குறைத்துத் தானியங்கி மெஷினுக்குப் போகலாமா என்று உறுப்பினர்கள் உங்களிடம் கேட்பார்கள். முழு ஓட்டத்தில் அது லாபமாகவே தெரியும், விற்பனையாளர் காட்டும் தாள் எப்போதும் முழு ஓட்டத்தில் போட்டதுதான். அறுபது சதவீத ஓட்டத்திலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஓவர்டைமையும் கான்ட்ராக்ட் ஆளையும் மந்த மாதத்தில் குறைக்கலாம், தேய்மானத்தையும் தவணையையும் குறைக்க முடியாது. அறுபதிலும் நிற்கிற திட்டத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

புதுப் படிவத்தில் நாங்கள் கேட்பவை சொற்பம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தாள்: நிறுவிய அடக்கம், இன்றைய மாற்று விலை, மீதி ஆயுள் மணியிலும் ஆண்டிலும், கடந்த 12 மாதத்தில் உண்மையில் வெட்டிய மணி. கூலியை வருகை மணியில் வாங்கி வெட்டும் மணிக்கு மாற்றும் ஒரு வரி. கடைசியில் ஆளையும் மெஷினையும் சேர்த்து ஒரே மணி விலை, பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. வெட்டிய மணியை யாரும் ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம். ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் ஓடும்படி ஓட்ட மணியை எண்ணும் ஒரு கருவியை (hour meter) இணைத்துவிட்டால் போதும். மெயின் ஸ்விட்சோடு இணைத்தால் மெஷின் சும்மா நிற்கும் நேரத்தையும் எண்ணிவிடும், எலக்ட்ரீஷியனிடம் இதைச் சொல்லியே மாட்டச் சொல்லுங்கள். நின்ற நேரத்துக்கு ஆர்டர், ஆள், மெட்டீரியல், பழுது, செட்டிங் என்று ஐந்தே காரணம் போதும். பத்துக் காரணம் கொடுத்தால் ஆபரேட்டர் எல்லாவற்றையும் "இதர" என்று எழுதிவிடுவார்.

இப்படிக்கு,
செலவுக் கணக்கர்களும் பராமரிப்புப் பொறியாளர்களும்